தீப்பெட்டியின் இருமல்

மார்ச் 3

நாளை மறுநாள் இவருக்குச் சளிப் பரிசோதனை. இரண்டு மாத மாத்திரை முடிந்துவிட்டது. சளியில் கிருமி இல்லை என்று வந்தால் குட்டி வீட்டுக்கு வரலாம். ஒற்றை அறை வீடு, ஏழு வயதுப் பிள்ளையைக் காசநோய்க்காரர் பக்கத்தில் படுக்க வைக்க வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்றே அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். இன்றைக்கும் போனில் கேட்டாள்: "அப்பாவுக்கு இன்னும் சரியாகலையாம்மா?" அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன்.

மாத்திரையில் குறையே கிடையாது. என் கையால் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சிகரெட்தான் சந்தேகம். நான் ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறவள். ஜன்னலைத் திறந்து வைத்து, சென்ட் அடித்து மறைத்தாலும் எந்த அறையில் ஊதினார்கள் என்று வாசலிலேயே சொல்லிவிடுவேன். வீட்டில் மட்டும் இந்த மூக்குக்கு வேலை இல்லை. டயர் பட்டறைக்காரர் சட்டையில் ரப்பர் கருகிய நாற்றத்தைத் தாண்டி என்ன தெரியும்?

மார்ச் 4

கேட்டே விட்டேன். "சிகரெட் பிடிக்கிறீங்களா?"

"குட்டி மேல சத்தியமா இல்ல."

பிள்ளை மேல் சத்தியம். நம்பாமல் என்ன செய்வது.

மார்ச் 5

சளி டப்பாவை இவரே எடுத்துக்கொண்டு போனார். நான் கொடுத்துவிடுகிறேன் என்றேன். "பட்டறைக்குப் போற வழிதானே" என்றார்.

சாயங்காலம் தீப்பெட்டி வந்தான். பட்டறைக் கூட்டாளி. ஒரு நாளும் காசு கொடுத்துச் சிகரெட் வாங்கியது கிடையாது, தீப்பெட்டி மட்டும் சட்டைப் பையில் இருக்கும்; அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் நல்ல மனசு. இவரால் குட்டியைப் பார்க்க முடியாத குறைக்கு ஞாயிற்றுக்கிழமை ஆனால் இவன்தான் அக்கா வீட்டுக்குப் போகிறான். பலூன் ஊதிக் கொடுப்பான், தோளில் தூக்கி வைத்து ஆடுவான். இன்று படியேறி வந்ததும் ஒரு பாட்டம் இருமினான்.

"டாக்டர்கிட்ட காட்டக் கூடாதா?"

"சிகரெட் இருமல் அண்ணி. கூடவே பொறந்தது."

மார்ச் 9

கிருமி இருக்கிறதாம். முதல் தடவையைவிட அதிகம்.

குட்டியிடம் என்ன சொல்ல?

மார்ச் 10

டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வை — ஏதோ மாத்திரையை நான்தான் குப்பையில் கொட்டியது மாதிரி. "ஒழுங்கா சாப்பிட்டாரா?" என் கண் முன்னால் சாப்பிட்டார் என்றேன். அப்படியானால் மருந்துக்கு மசியாத கிருமியாக இருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன் என்றார். அப்புறம், "புகை உண்டா?" இவர் தரையைப் பார்த்தார்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "மூச்சுக்குழாய்ல பொடிப்பொடியா முடி இருக்கு. கிருமியை வெளியே கூட்டித் தள்ளும். புகை அதை முடக்கிடும். தப்பிச்சு உள்ள போற கிருமியை முழுங்க நுரையீரல்ல காவல் அணுக்கள் இருக்கு. புகை பிடிக்கிறவங்களுக்கு அது கரியைத் தின்னே வயிறு நிறைஞ்சு கிடக்கும். கிருமி வந்தா ஓடிப் பிடிக்க முடியாது. அதனால நோய் சுலபமா வரும், லேட்டா போகும்."

எனக்கு உடனே புரிந்தது. ஹோட்டலில் பை நிரம்பிய தூசி உறிஞ்சும் மெஷினும் அப்படித்தான், சத்தம் போடும், ஒன்றையும் இழுக்காது.

பஸ் நிறுத்தத்தில் இவர் என் கையைப் பிடித்தார். "அது என் சளி இல்ல."

எல்லாவற்றையும் கொட்டினார். பட்டறைக்குப் பின்னால் தினமும் ஊதியிருக்கிறார். அதனால் தன் சளியைக் கொடுத்தால் கிருமி தெரியும், குட்டி வரமாட்டாள் என்று பயம். நோய் இல்லாதவன் சளியைக் கொடுத்தால் தீர்ந்தது என்று — என்ன புத்தி இது — தீப்பெட்டியை டப்பாவில் துப்பச் சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் அந்தக் கிருமி தீப்பெட்டியுடையது. ஞாயிற்றுக்கிழமை அவன்தானே... பலூன்... ஐயோ.

நான் கத்தவில்லை. இவரை இழுத்துக்கொண்டு திரும்ப டாக்டரம்மாவிடம் போனேன். "இப்ப சொன்னதை அங்க சொல்லுங்க" என்றேன். சொன்னார்.

மார்ச் 11

அக்காவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "குட்டி ரெண்டு நாளா இருமுறாடி. ஐஸ் தின்னதுன்னு நெனச்சேன்" என்றாள்.

பிள்ளை மேல் சத்தியம் செய்தாரே. இவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன்.

மார்ச் 12

தீப்பெட்டி வந்தான். படியேறவில்லை, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு தெருவிலேயே நின்றான். மாத்திரை ஆரம்பித்துவிட்டார்களாம். "சிகரெட் இருமல்னுதான் அண்ணி நெனச்சேன். பிள்ளைக்கு ஏதாவதுன்னா நான் என்ன பண்ணுவேன்?" நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். அவன் தோள் குலுங்குவதைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு, போ என்றேன்.

மார்ச் 16

இவருடைய சொந்தச் சளி. பக்கத்தில் நின்று, நானே மூடி, நானே கொண்டுபோனேன். குட்டிக்கு எக்ஸ்ரே எடுத்து, கையில் ஊசி போட்டார்கள்; கிருமி உள்ளே போயிருந்தால் அந்த இடம் தடிக்குமாம். அழவில்லை. "பலூன் மாமா ஏன் வரல?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 19

இவருக்குக் கிருமி இல்லை. மருந்து கேட்டிருக்கிறது. தன் சளியையே கொடுத்திருந்தால் குட்டி அன்றைக்கே வந்திருப்பாள். தீப்பெட்டியும் இங்கேயே வந்து இருமியிருப்பான், யாருக்கும் தெரிந்திருக்காது. இதற்குச் சிரிப்பதா, அழுவதா?

குட்டியின் கையில் ஊசி போட்ட இடம் தடித்திருந்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. கிருமி உள்ளே போயிருக்கிறது, நோயாகவில்லை. இருமல் வெறும் ஜலதோஷம்தானாம். "அவ உடம்புல காவல் நல்லா இருக்கு. அது கூட மாத்திரையும் சேர்ந்தா அடக்கிடும். வீட்டுல மட்டும் புகை வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. தொற்ற வைத்தது யார், அப்பாவா, அவனா என்று கேட்டேன். "அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா."

இவருக்கு அது காதில் விழுந்தது.

ஏப்ரல் 2

குட்டி வீட்டுக்கு வந்துவிட்டாள். காலையில் அப்பாவும் மகளும் சுவரோரமாக உட்கார்ந்தார்கள், எதிரே ஆளுக்கொரு தம்ளர் தண்ணீர். இவர் விழுங்கியதும், "வாயத் திறப்பா" என்றாள். என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. திறந்தார். கிட்டே போய் மூக்கை வைத்து முகர்ந்தும் பார்த்தாள். "சரி, வாசனை இல்ல. இப்ப நான்."

இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் தன் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினாள்.