எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன்

ஜூன் 10, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கடை வாசலில் சாக்கு விரித்தாயிற்று. காலாவதி மருந்து பிரிக்கும் வேலை பாதியில். முட்டு வலி. மருந்துக்கடைக்காரனுக்கே முட்டு வலியா என்று வருகிறவர்களுக்கெல்லாம் சிரிப்பு.

முப்பது வருஷம் இந்தக் கடையில் நின்று மனிதர்களைப் பற்றித் தெரிந்துகொண்டது கொஞ்சம்தான். சர்க்கரை மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று சொல்லி வாங்குவார்கள். இருமல் மருந்தைச் சத்தமாகக் கேட்பார்கள். மூலத்துக்கு, கூட்டம் குறையும்வரை காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நானும் யோக்கியன் இல்லை. எனக்கு வந்தபோது மார்த்தாண்டம் போய் வாங்கினேன்.

மதியம் ஒருவர். வெள்ளை வேட்டி, குடை. மார்த்தாண்டம் ராஜப்பன். எதிர் வீட்டு ஜெகனுக்கு, அதுதான் ஏ.சி. மெக்கானிக், இவர் மகளைப் பேசியிருக்கிறார்களாம். ஆவணியில் கல்யாணம். விசாரிக்க வந்திருக்கிறார். எல்லோரும் என்னிடம்தான் வருகிறார்கள். யார் எதை விழுங்குகிறான் என்று எனக்குத் தெரியுமாம்.

"பையன் எப்படி அண்ணாச்சி? ஏதாவது உண்டுமா?"

ஜெகனுக்கு மாதாமாதம் வலிப்பு மாத்திரை எடுத்துக் கொடுப்பது நான். கடைசியாக வலிப்பு வந்து ஆறு வருஷம் ஆகிறது. இருந்தாலும் மாத்திரை மாத்திரைதான். அதை நான் எப்படிச் சொல்ல? ஒன்றும் இல்லை என்று பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

"செரி" என்று குடையை விரித்தார். தப்பித்தோம் என்று ஒரு டீ சொன்னேன்.

ஜூன் 11, புதன்

மழை. கரண்ட் மூன்று முறை போனது. இன்சுலின் இருக்கிற பிரிட்ஜை நினைத்துத்தான் கவலை.

நேற்றைய கதையை வீட்டில் மனைவி சரோஜாவிடம் சொன்னேன். "தெரியாதுண்ணா சொன்னிய? எதிர் வீட்டுப் பையன தெரியாதுண்ணு சொன்னா அந்த மனுசன் என்ன நெனப்பாரு?" ரகசியம் காப்பது என் தொழில் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

கல்யாணப் பேச்சு நின்றுவிட்டது.

காலையில் ஜெகனின் அம்மா தங்கம் வந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. இங்கே வைத்திருந்த மகனின் டாக்டர் சீட்டைத் திருப்பிக் கேட்டாள். "இனி வேற கடையில வாங்கிக்கிடுதோம்."

சாயங்காலம் ஜெகன். நனைந்த ரெயின்கோட்டோடு வாசலிலேயே நின்றான்.

"மாத்திர விசயம் பெண்ணு பாக்கப் போன அன்னைக்கே நான் சொல்லியாச்சு மாமா. அவளுக்கும் தெரியும், அவ அப்பாவுக்கும் தெரியும். அது ஒண்ணும் பிரச்சன இல்லண்ணு சொன்னாவ. குடி உண்டுமா, வேற சங்கதி உண்டுமாண்ணு கேக்கத்தான் இங்க வந்தது. நீங்க தெரியாதுண்ணதும், அத விடப் பெருசா என்னமோ இருக்குண்ணு போயிட்டாரு."

உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"வலிப்பு உண்டுண்ணு சொல்லியிருந்தாகூட கொள்ளாமாயிருந்து."

அதுவே தேவலையாம். போய்விட்டான். திட்டியிருக்கலாம்.

ரகசியத்தைக் காப்பாற்றினேன் என்று மூன்று நாளாக உள்ளுக்குள் ஒரு பெருமை. அதை நினைத்தால் வெட்கம். பையனுக்காக வாயை மூடினேன் என்று எழுத ஆசைதான். பின்னால் பழி என்மேல் வரக்கூடாது என்று மூடினேன். வேறு யாரும் படிக்கப் போவதில்லை, எழுதிவிடலாம்.

ஜூன் 14, சனி

கல்யாணத் தரகரிடம் ராஜப்பன் நம்பர் வாங்கினேன். இரண்டு முறை அடித்தேன். எடுக்கவில்லை.
காய்ச்சல் சிரப் தீர்ந்தது, ஆர்டர் சொல்ல வேண்டும்.
தரகரிடமே வீட்டுக்கு வழி கேட்டேன். "இப்ப எதுக்கு?" என்றார். நல்ல கேள்வி.

ஜூன் 15, ஞாயிறு

மழை இல்லை. கடை லீவு. மார்த்தாண்டம் பஸ், பாலத்தடியில் அரை மணி நேரம் நெரிசல். சொல்ல வேண்டியதைப் பஸ்ஸிலேயே மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ராஜப்பன் உட்காரச் சொன்னார். பெண் காபி வைத்துவிட்டுக் கதவருகே நின்றாள். ஜெகன் குடிக்க மாட்டான். ஒருவரிடமும் வம்புக்குப் போக மாட்டான். இருபது வருஷமாகப் பார்க்கிறேன். அன்றைக்கு மாத்திரையை மனதில் வைத்துத்தான் அப்படிச் சொன்னேன், தப்பு என்னுடையது. எல்லாம் சொன்னேன். நன்றாகவே வந்தது.

பொறுமையாகக் கேட்டார்.

"அன்னைக்கு ஒண்ணும் தெரியாதுண்ணிய. அஞ்சு நாளுல இவ்வளவும் தெரிஞ்சாச்சா?" பிறகு குரலைத் தாழ்த்தி, "செரி அண்ணாச்சி, உள்ளதச் சொல்லுங்க. பையன் வீட்டுல என்ன தந்தாவ?"

ஒன்றும் தரவில்லை என்றேன். என் காதுக்கே அது பொய்யாகத்தான் கேட்டது. கதவருகே நின்ற பெண் உள்ளே போய்விட்டாள்.