இடம் மாறிய இதயம்

அன்புத் தம்பிக்கு,

என் மகளின் இதயத்தை நீ இடம் மாற்றிவிட்டாய்.

அது வலப்பக்கம் இருப்பது உனக்குத் தெரியும். செங்கல்பட்டில் எக்ஸ்ரே எடுத்த அன்று அவளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றவன் நீ. இதய நோயுள்ள குழந்தைகளுக்கு உதவும் கண்காட்சி, அந்த எக்ஸ்ரேயைப் பார்த்து வரைகிறேன் என்று கேட்டாய். கொடுத்தேன்.

நேற்று மாமல்லபுரத்தில் உன் ஓவியத்தின் முன்னால் நின்று அவள் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். படத்தில் இதயம் எல்லோருக்கும் போல இடப்பக்கம் இருந்தது.

"இன்னா மாமா, இது யாரு?"

"நீதான் கண்ணு. ரைட்ல போட்டா மாமாவுக்கு வரையத் தெரியலன்னு சிரிப்பாங்க."

சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். உன் பக்கத்தில் நின்ற பெரிய மனிதர்களும் சிரித்தார்கள்.

கோவளம் வரும்வரை பஸ்ஸில் அவள் நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்துதான் கேட்டாள்: "என்னுது தப்பான எடத்துலயாம்மா கீது? டாக்டரும் மாமா மாதிரி லெப்ட்ல அறுத்துட்டா?"

ஆபரேஷனுக்கு இன்னும் ஆறு நாள். இதுவரை அவள் பயந்ததில்லை. இப்போது ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன் என்கிறாள். நான் சொல்லியும் நம்பவில்லை, வரைந்தவன் நீ.

உன் படம் எவ்வளவு நல்ல காரியத்துக்கு வேண்டுமானாலும் போகட்டும். நாளைக் காலை இங்கே வா. அவள் எதிரில் உட்கார்ந்து, தப்பு அவள் உடம்பில் இல்லை, உன் கையில்தான் என்று சொல்.

வருவாயா?

உன் அக்கா