உடையாத கால்

நவம்பர் 17, திங்கள்
காலையிலேருந்து தூறல். சென்னை பஸ் லேட். செஞ்சியில இறங்கி வாங்கினது: ஆரஞ்சு, டயப்பர், தொடை அளக்க டேப்.

நைனாவுக்குக் கணுக்கால் மாவுக்கட்டு பிரிச்சு ஒரு மாசம். எலும்பு நல்லா கூடிடுச்சாம். ஆனா நிக்க முடியல. நெல் மண்டியில நாப்பது வருஷம் மூட்டை தூக்கின அப்பா. போர்வையை விலக்கினேன். ஐயோ. உடையாத காலும் குச்சியாட்டம். டேப்பைப் பையிலேருந்து எடுக்கவே இல்லை.

அம்மா: "பாத்ரூமுக்குக்கூட எழுப்பல. நீதான சொன்ன, படுத்தே இருக்கட்டும்னு."

நான்தான் சொன்னேன். ஆகஸ்ட்ல. வாக்கர் புடிச்சு நடக்கச் சொல்றாரு டாக்டர், இவரு வலிக்குதுங்கறாரு, இன்னா பண்றதுன்னு அம்மா போன். லேப்ல கையில சாம்பிள், ஐஸ் உருகுது. "வலிச்சா வேணாம்மா, படுத்தே இருக்கட்டும்." அவ்ளோதான் பேசினது.

நவம்பர் 18, செவ்வாய்
மழை இல்லை. கரண்டும் இல்லை.

என் ஆராய்ச்சியே இதுதான். தசை சுருங்கினா செல்லுக்குள்ள கால்சியம் பாயும். அங்கேருந்து சேதி கிளம்பும், புதுப் புரதம் கட்டுன்னு. அசையலைன்னா சேதி போகாது. கட்டறது குறையும், தசை கரையும். வயசானவங்களுக்கு இன்னும் சீக்கிரம். அஞ்சு வருஷமா இதைத்தான் எழுதறேன். தூ.

பிசியோதெரபி தம்பி வந்தார். "அப்பவே நடக்க வெச்சிருக்கணுமே. யார் படுக்கப் போட்டது?"

நைனா முந்திக்கிட்டாரு. "எனக்குத்தான் சோம்பல், சார்."

தோட்டத்துப் பக்கம் போய் அழுதேன்.

பயிற்சி: உட்கார்ந்து கால் நீட்டறது, பத்து. நாலுதான் முடிஞ்சுது. ஆரஞ்சு வேணாம்னுட்டாரு.

நவம்பர் 20, வியாழன். அமாவாசை
மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போற ஸ்பெஷல் பஸ்ஸுங்க ஹாரன். போன வருஷம் நைனா நடந்தே போயிட்டு வந்தாரு.

சொல்லிட்டேன். "நைனா, நான் சொன்னது தப்பு. அன்னைக்கே நீ நடந்திருக்கணும். என்னாலதான் இப்படி ஆச்சு."

சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அப்புறம், "உங்கம்மா ரேஷனுக்குப் போறப்பல்லாம் எழுந்து பாக்கலாம்னு இருக்கும். எம்பொண்ணு படிச்சுட்டு சொல்லியிருக்காளேன்னு படுத்துக்குவேன்."

போர்வையை மடிச்சு ஓரமா வெச்சேன்.

"இப்ப எழலாமா, பாப்பா?"

"எழுந்திரு, நைனா."

கட்டில் சட்டத்தைப் புடிச்சாரு. பல்லைக் கடிச்சாரு. கால் வரல. அப்படியே உட்கார்ந்துட்டு, மூச்சு வாங்கிக்கிட்டே என்னைப் பார்த்தாரு.

"இன்னொரு வாட்டி சொல்லு."