எனக்கு மட்டும் கேட்காத ஹெட்போன்

அன்பு மகள் சுடர்விழிக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாடு கன்றும் சுகம். குவாஹாட்டியில் நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நம் மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இவள் ஏன் பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்தாள் என்று யோசிப்பாய். போனைத் தொடவே பயமாக இருக்கிறதடி. எல்லாம் நீ அனுப்பிய ஹெட்போன் செய்த வேலை.

நீ பேசுவது அப்பாவுக்குக் கேட்கக்கூடாது என்றுதானே ஒயர் இல்லாத அந்தச் சாமானை அனுப்பினாய். போன வியாழக்கிழமை அப்பா பசுவை ஓட்டிக்கொண்டு ஒரத்தநாடு மாட்டாஸ்பத்திரிக்குப் போயிருந்தார். இதுதான் சமயம் என்று நீ சொல்லிக்கொடுத்தபடியே ப்ளூடூத்தைத் திறந்தேன். இங்கிலீஷில் இரண்டு பெயர் வந்தது, மேலே இருப்பதுதான் நம்முடையது என்று அமுக்கினேன். கனெக்ட் ஆகிவிட்டதாகக் காட்டியது. காதில் இறுக்கமாக மாட்டிக்கொண்டு நீ அனுப்பியிருந்த பேச்சைப் போட்டால் ஒன்றும் கேட்கவில்லை. சத்தத்தை முழுசாகக் கூட்டினேன், அப்போதும் இல்லை. நெட்டு சரியில்லை போலிருக்கிறது என்று திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு எதிர்வீட்டு ஷோபனா குழந்தைக்குக் காதுகுத்து. வாசலில் ஆளுயர ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். அதுவும் ப்ளூடூத்தில்தான் பாடுகிறது என்று நான் என்னத்தைக் கண்டேன்? மைக்செட்காரர் தன் போனோடு பந்தியில் உட்காரப் போன நேரம், என் போன் போய் அதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. "அம்மா, நாள் தள்ளிப் போயிருக்கு, டாக்டரும் சொல்லிட்டாங்க. மூணு மாசம் முடியிற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாத. முக்கியமா அப்பாகிட்ட சொல்லிடாத, அம்மன் மேல சத்தியம், அவரு வாயில ஒண்ணும் நிக்காது" என்று உன் குரல், காது அடைபட்டிருந்த எனக்கு மட்டும் கேட்காமல், வாய்க்காலைத் தாண்டிக் கேட்டிருக்கிறது. முதல் தடவை சரியாகக் காதில் வாங்காதவர்களுக்கும் நான் மறுபடி மறுபடி போட்டு உதவியிருக்கிறேன். வயலில் நடவு நட்ட பெண்கள் குலவையே போட்டார்களாம். ஷோபனா ஓடிவந்து ஹெட்போனைப் பிடுங்கிய பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும். மானமே போய்விட்டது என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். அவள் சிரித்துக்கொண்டே, "விடுங்கக்கா, அண்ணனுக்கு மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டோம்" என்றாள்.

அங்கேதான் வினை. ஊரே கட்டுப்பாடாக வாயை மூடிக்கொண்டது. அப்பா டீக்கடைக்குப் போனால் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து பெஞ்சில் இடம் விடுகிறார்கள். வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் வருஷக்கணக்காக முகம் கொடுக்காத அரசப்பன், "அண்ணே, மொதல்ல ஒங்க வயலுக்குப் பாயட்டும்" என்று மடையைத் திறந்துவிட்டு, கண் கலங்கக் கையையும் பிடித்துக்கொண்டாராம். அப்பாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நேற்று என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டு, "அம்சம், எனக்கு என்னமோ பெரிய வியாதி. ஊருக்கே தெரிஞ்சிருக்கு, என்கிட்ட மட்டும் மறைக்கிறீங்க. பரவாயில்ல. சுடருக்கு மட்டும் சொல்லிடாத, புள்ள அவ்வளவு தூரத்துல தனியா கெடந்து பயந்துடும்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். நான் அழுவதைப் பார்த்து அவருக்கு வியாதி உறுதியாகிவிட்டது.

நீ அம்மன் பேரில் சத்தியம் வாங்கியிருக்கிறாய், நான் சொல்ல முடியாது. மூன்று மாதமெல்லாம் இவர் தாங்கமாட்டார். கடிதம் கிடைத்ததும் அவரையே கூப்பிட்டு, தாத்தா ஆகப்போகிறீர்கள் என்று உன் வாயால் சொல்லிவிடு. சொன்ன கையோடு தெருவுக்கு ஓடிப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்லட்டும். இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்பதுபோல் ஆச்சரியப்பட ஊரே தயாராக இருக்கிறது.

பப்பாளிப்பழம் பக்கம் போகாதே. மாடிப்படி இறங்கும்போது செல்லைப் பார்க்காதே. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் செல்வமும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
து. அம்சம்