கடல் இல்லாத கணக்கு

திங்கள். காலையிலேயே வெக்கை.

இல்லை, வேலையைச் சமமாகப் பிரிப்பது நியாயம் இல்லை. ஆய்வுகூடத்தில் கணினிகள் ஆறு. இரண்டு புதியவை, மூன்று நடுத்தரம், கதவோரம் ஒரு கிழம். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கொடுத்தால் புதியவை முடித்துவிட்டுச் சும்மா இருக்கும். ஆகவே வேகத்துக்கு ஏற்ற வேலை. ஊருக்கு ஒரு வேலை: அங்கே கிணறுகளில் உப்பு எப்போது ஏறும்?

கிழத்துக்கு நிரோஜன் ஒன்றும் கொடுப்பதில்லை. கணினிகள் அவன் பொறுப்பு. வீணாக்குகிறான்.

மாமாவின் ஊர், சாவகச்சேரிப் பக்கம், வரிசையில் கடைசி. வாழை வைப்பதா என்று அவருக்கு அவசரம். வரிசைக்குத் தெரியாமல் கிழத்தில் ஓட்டினேன். சின்னக் களவு.

பின்னேரம் விடை. கனகாலத்துக்கு நல்ல தண்ணீர்! மாமாவுக்குப் போன் எடுத்தேன்.

"அப்ப வாழை வைக்கலாம் எண்டுறாய்?"

"வையுங்கோ மாமா."

வாங்க: சம்பூ, டோர்ச் பற்றறி.

புதன். முகில். மழை இல்லை.

என் களவு வரிசைக்குத் தெரியாதுதானே. மாமாவின் ஊருக்கு முறை வந்து, இன்று புதியதில் ஓடியிருக்கிறது.

விடை: வருகிற கோடையில் உப்பு.

அதே கிணறுகள். அதே மழை. திரும்பத் திரும்ப வாசித்தேன்.

நிரோஜன் பணிஸ் தின்றுகொண்டிருந்தான். கிழத்தில் ஓட்டியதைச் சொன்னேன்.

"உதிலையோ ஓட்டினனீர்? புதுப் புரோகிராம் உதிலை ஏறாது. போன வருசத்துப் பழசுதான் கிடக்கு."

"அதிலை என்ன இல்லை?"

"கடல்."

மென்றுகொண்டே சொன்னான்.

"கடலைப் பிறகுதானே சேர்த்தனாங்கள். அதாலைதான் உதுக்கு நான் வேலை குடுக்கிறேல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். வேகம் குறைவெண்டு பாவம் பாத்தனீரோ?"

சிரித்தான். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

கடல் இல்லாத யாழ்ப்பாணம். வரைபடத்தில் சுற்றிவர வெறும் வெள்ளை. நடுவில் மாமாவின் நல்ல தண்ணீர். ஒரு கணம்கூடச் சந்தேகிக்கவில்லை நான். விரும்பிய விடை.

மாமாவின் போன் வேலை செய்யவில்லை.

வியாழன். விடியவே காற்று.

மாமா போனை எடுத்தார்.

"வாழைக்குட்டியள் வந்திறங்கீட்டுது. பாதி நட்டாச்சு."

உப்பு என்ற விடையைச் சொன்னேன். மறுபக்கம் இன்னும் மண்வெட்டிச் சத்தம்.

"திங்கள் நல்ல தண்ணி. இண்டைக்கு உப்பு. கிணறு அதேதானே பிள்ளை?"

"பிழை என்ரை, மாமா. கடலை விட்டிட்டன்."

"கடலையோ?"

பிறகு, மெதுவாக:

"அயலுக்கையும் சொல்லிப்போட்டன். என்ரை மருமகள் பாத்துச் சொன்னது எண்டு. இன்னும் நாலு வீட்டிலை வாழை வைக்கினம்."

நாலு வீடு. இதை நினைக்கவே இல்லை. என் பெயரில்.

"ஆர் ஆர் மாமா?"

ஒவ்வொருவராகச் சொன்னார். குரலில் கோபம் இல்லை. அது இன்னும் மோசம்.

சாவகச்சேரி பஸ்ஸில் போய், நாலு வீட்டுப் படலையிலும் நின்று கூப்பிட்டு, வாழை வைக்கவேண்டாம், பிழை என்னுடையது என்று சொன்னேன்.