லிப்ட் படத்தில் அப்பாவின் காட்சி

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. கீழ் மண்டபத்தில் நாற்காலி போட நானும் பதினோராம் மாடி லில்லி அக்காவும் மட்டும். ஆண்பிள்ளைகள் எல்லாம் புரொஜெக்டரைச் சுற்றி நின்று கருத்து சொன்னார்கள். முதுகு போயிற்று.

தம்பி தினேஷின் படம் இன்று முதல்முறை ஆட்கள் முன்னால். (இனி தி. கை வலிக்கிறது.) ஆயர் ஈத்தாமில் எங்கள் பிளாட்டிலேயே, எங்கள் லிப்ட்டிலேயே எடுத்தது. நடித்ததும் பாதி நம் அக்கம்பக்கம்தான். தியேட்டருக்குப் போகுமுன் ஜனம் எங்கே சிரிக்கிறது, எங்கே நெளிகிறது என்று பார்க்க வேண்டுமாம்.

கதை ஒரு வரி. அந்த லிப்ட்டுக்குள் நிற்கும்வரை யாராலும் பொய் சொல்ல முடியாது. அவ்வளவுதான். மருமகளோடு லிப்ட்டில் ஏறப் பயந்து, காய்கறி நிறைந்த பசார் கூடையோடு மாமியார் மாடி மாடியாக ஏறுகிறாள். மண்டபம் அதிர்ந்தது. லில்லி அக்கா என் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தார். இன்னும் எரிகிறது.

பிறகு அப்பாவின் காட்சி.

அப்பா தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம், கருமாதி, கோயில் திருவிழா, எங்கே மைக் இருந்தாலும் நன்றியுரை அவருடையது. பிடித்தால் விடமாட்டார். தி. அவருக்குக் கொடுத்தது ஒரே ஒரு வசனம்: "பேச ஆளில்லாமத்தான் நான் இந்த லிப்ட்டுல ஏறி எறங்குறேன்." சொல்லிவிட்டு இறங்கிப் போக வேண்டும். அவர் இறங்கவில்லை. அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். தி.யும் கேமராவை நிறுத்தவில்லை.

அம்மா போய் ஐந்து வருஷம். வீட்டில் அவள் பேச்சு எடுத்தாலே எழுந்து போய்விடுவார். அங்கே, விளக்குகளுக்கு நடுவில், கடைசி நாளில் அவள் கேட்ட கஞ்சியை ஆற வைப்பதற்குள் அவள் உயிர் போய்விட்டதைச் சொல்கிறார். ஆனால் எப்படி? நன்றியுரைக் குரலில். கையை நீட்டி, பழமொழி போட்டு, மூச்சு வாங்கி. முடிந்தது என்று நினைக்கும்போது மறுபடி ஆரம்பம்.

மண்டபத்தில் சிரிப்பு நின்றது. ஒவ்வொன்றாகக் கைப்பேசி வெளிச்சம். ஒரு குழந்தை, "மா, படம் முடிஞ்சிருச்சா?"

திரும்பி வரும்போது அப்பா, முகமெல்லாம் வெளிச்சமாக: "பாத்தியா, என் சீன்ல ஒரு சத்தம் இல்ல. எல்லாரும் அப்டியே உருகிட்டாங்க லா."

ஆமாம் பா என்றேன்.

ஜூலை 7, திங்கள்

மழை விட்டது. புழுக்கம். நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் கூட்டம், டாக்டர் எரிந்து விழுந்தார். பல் பிடுங்க வந்த ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

தி. மெசேஜ்: "ஒளிக்காம சொல்லு அக்கா. நல்லது, கெட்டது ரெண்டும்." மதியச் சோறு தின்றுகொண்டே எழுதினேன்.

நல்லது: யோசனை. பாட்டியும் பேரனும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டு சிரிக்கிறார்கள். நம் பேச்சு, நம் சண்டை. லிப்ட்டுக்குள் கோயில் கமிட்டிக் கூட்டம், தலைவர் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொள்வது. இந்த இடங்களில் படம் தானாக ஓடுகிறது.

கெட்டது: லிப்ட்டுக்குள் மட்டும்தான் உண்மை என்று சொல்லிவிட்டு, பின்பாதியில் மாடிப்படியிலும் உண்மை பேசுகிறார்கள். விதியை நீயே போட்டு நீயே மீறினால் எவன் நம்புவான்? லிப்ட்டுக்கு ஏன் அந்தச் சக்தி வந்தது என்று ஒரு சாமியாரை விட்டு விளக்கம் வேறு. யாரும் கேட்கவில்லையே. காதலர்கள் வரும் காட்சிகள் இழுவை.

அப்புறம்

'அப்புறம்' என்று போட்டு நிறுத்திவிட்டேன். அந்த வார்த்தையை அழித்துவிட்டு அனுப்பினேன். படத்தின் பெரிய ஓட்டை அப்பாதான். அதுவரை சிரித்தவர்கள் அதற்கப்புறம் திரும்பி வரவே இல்லை. உண்மையைப் பேசினால் மட்டும் நல்ல காட்சி ஆகிவிடுமா? ஆகாது. எனக்கே ஆகவில்லை, பெற்ற மகளுக்கு. அம்மா முகம் கண்ணில் நின்றது, கூடவே எப்போது முடியும் என்றும் இருந்தது. என்ன ஜென்மம் நான்.

ஜூலை 9, புதன்

சாயங்காலம் தி.யோடு மாமாக் (தமிழ் முஸ்லிம்) சாப்பாட்டுக் கடையில். அவன் சொன்ன தே தாரேக் டீ ஆறி ஆடை படிந்தது, தொடவில்லை. இளைத்திருக்கிறான்.

"நீ ஒன்ன எழுதலயே அக்கா."

"எத?"

"தெரியாத மாதிரி கேக்காத லா. தியேட்டர்காரனும் அதையே சொல்றான். அந்த சீன் இருந்தா படத்த மொத வாரமே தூக்கிருவானாம்."

மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. சுருக்க முடியாதா என்று கேட்டேன். எங்கே வெட்டினாலும் அம்மாவை வெட்டுவது மாதிரி இருக்கிறதாம். முழுசாகத் தூக்குவது ஒன்றுதான் வழியாம்.

அவன் திட்டம்: அடுத்த புதன்கிழமை சிறப்புக் காட்சிக்கு அப்பா இருக்கும் படம். மறுநாள் வெளியாவது அவர் இல்லாத படம்.

"அவரு மறுபடி தியேட்டருக்குப் போயி பாக்காம நீ பாத்துக்க. வீட்டுல இருக்கறது நீதான."

நல்ல வேலைதான் கொடுத்திருக்கிறான். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் மூன்று வருஷம் உழைத்த படம்.

ஜூலை 13, ஞாயிறு

அப்பா காலை முழுக்கப் போனில். புக்கிட் மெர்தாஜாம் மாணிக்கம் மாமாவுக்கு (பழைய தபால் நிலையக் கூட்டாளி) மூன்றாவது தடவையாகத் தன் காட்சியைச் சொல்கிறார். "நான் அழல மாணிக்கம். பாக்கறவங்கதான் அழறாங்க." காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இவர் விஷயத்தில் காக்கையும் குஞ்சும் ஒருவரே.

சிரிப்பு வந்தது. உடனே என்னையே அறையலாம் போலவும் இருந்தது.

ஜூலை 16, புதன்

சிறப்புக் காட்சி. அப்பா பூப்போட்ட பாத்தேக் சட்டை, தலைக்கு எண்ணெய். அவர் காட்சி வந்தபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் மரியாதையாகக் கைதட்டினார்கள். பத்துப் பேர் கை குலுக்கினார்கள். வீட்டுக்கு வந்தும் சட்டையைக் கழற்றவில்லை. இரண்டு தோசைக்குப் பதில் நாலு.

தி. ஓரமாக நின்றான். அப்பாவைப் பார்க்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

நேற்றிலிருந்து ஓடுகிறது. அரங்கு நிறைகிறதாம். கிளினிக்கில் பல் சுத்தம் செய்ய வந்த பெண், வாயைத் திறந்துகொண்டே மாமியார் காட்சியைச் சொன்னாள். என் தம்பி படம் என்று சொல்ல வந்து சொல்லவில்லை. அப்பா காட்சியைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டாளே.

வீட்டில்: "மாணிக்கம் ஞாயித்துக்கெழம வர்றான். டிக்கெட் போடு மா."

டிக்கெட் முடிந்தது என்றேன். மழை என்றேன். உங்க முட்டிக்கு ஆகாது பா என்றேன்.

"முட்டிய கழட்டி வச்சிட்டா வரப் போறேன்? ஒக்காந்துதான பாக்கணும்."

தி.க்குப் போன் போட்டேன். கோலாலம்பூரில் இருக்கிறான். எடுக்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

அவர்களே டிக்கெட் வாங்கிவிட்டார்கள். மாணிக்கம் மாமாவின் பேத்தி போனில் போட்டுக் கொடுத்தாளாம். எனக்கும் சேர்த்து. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கார் நிறுத்துமிடம் வரை நினைத்துக்கொண்டே போனேன். சொல்லாமலே இறங்கினேன்.

அரங்கு நிறைந்திருந்தது. முதல் ஐந்து நிமிஷத்திலேயே பிடித்துக்கொண்டது. சாமியாரையும் வெட்டியிருக்கிறான். மாடிப்படிக் குழப்பமும் இல்லை. படம் நன்றாக இருக்கிறது. அதை எழுதத்தான் வேண்டும். வயிறு வலிக்க வலிக்க நானும் சிரித்தேன், பக்கத்தில் அவரை வைத்துக்கொண்டே.

அந்த இடம் நெருங்கியது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து மாணிக்கம் மாமாவின் கையைத் தட்டினார். "இப்ப வரும் பாரு." லிப்ட் கதவு திறந்தது. உள்ளே கமிட்டித் தலைவர். அரங்கமே வெடித்துச் சிரித்தது. அப்பா காத்திருந்தார். அடுத்த காட்சிக்கும். அதற்கடுத்ததற்கும். பெயர்கள் ஓடும்போதும் எழுந்திருக்கவில்லை.

வெளியே மாணிக்கம் மாமா: "என்னய்யா, ஒன் சீன காணோமே?"

"நான்தான் வெட்டச் சொன்னேன். நீட்டமா இருந்திச்சி. சிரிக்கற படத்துல அது எதுக்கு?"

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எங்காவது போய் விழலாம் போல இருந்தது.

மாமாவை அக்கரைக்குப் போகும் ஃபெரி வாசலில் இறக்கிவிட்டோம். ஆயர் ஈத்தாம் சாலையில் நெரிசல். கார் நகரவே இல்லை. நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"படம் நல்லாத்தான் இருக்கு. அவன்கிட்ட நான் பாத்தேன்னு சொல்லாத."

கார் நகர ஆரம்பித்ததும்: "வெட்டினத வச்சிருப்பானா, தூக்கிப் போட்ருப்பானா?"

"தெரியல பா."

"கேட்டுப் பாரு. அம்மாவப் பத்தி நான் பேசினது அது ஒன்னுதான். இன்னொரு தடவ எனக்கு வராது."

வீடு வந்து கை கால் கழுவுமுன் தி. போன். குரலில் அவ்வளவு சந்தோஷம். இன்னும் நாலு தியேட்டர் கொடுத்திருக்கிறார்களாம். "அப்பா போகலல்ல அக்கா?"

"போகல."

"தேங்ஸ் கா. நீ இல்லன்னா நான் செத்தேன்."

அந்தக் காட்சியை என்ன செய்தாய் என்று கேட்க வேண்டும். கேட்டால், ஏன் இப்போது கேட்கிறாய் என்பான். என்னால் மறைக்க முடியாது. தூக்கிப் போட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டால்? கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டான்.

அப்பா அறையிலிருந்து: "என்ன சொன்னான்?"

"பத்திரமா வச்சிருக்கானாம் பா."