லூஸ் விடாத அளவு

மார்ச் 4, செவ்வாய்

இன்று கடையில் மானம் கப்பலேற இருந்தது. ஒரு மணப்பெண்ணின் கவுனுக்கு மண்டியிட்டு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தேன். நிமிரும்போது உள்ளாடைக்குள் வைத்திருந்த என் இடப்பக்கப் பஞ்சு நழுவி, வயிற்றோடு இறங்கித் தரையில் விழுந்தது. அவள் கண்ணாடியில் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், பிழைத்தேன். காலால் அதை மிஷினுக்கு அடியில் தள்ளிவிட்டு, மீதி நேரமெல்லாம் கவுனை மார்போடு அணைத்தபடியே நின்றேன்.

பதினாறு வயதில் ஆரம்பித்த பஞ்சு. இப்போது நாற்பத்தொன்று. ஊரார் உடம்பையெல்லாம் அளக்கிறேன், என்னை அளக்க ஒருவரையும் விட்டதில்லை. கடையின் அளவு நோட்டில் முதலாளியம்மாவுக்குக்கூட ஒரு பக்கம் இருக்கிறது, எனக்கு இல்லை.

இரண்டு வருடமாக விசாரித்ததும் படித்ததும் தள்ளிப்போட்டதும் போதும். மதியம் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, மார்பைப் பெரிதாக்கும் ஆபரேஷனுக்கு டாக்டரைப் பார்க்க நேரம் கேட்டேன். குரல் நடுங்கவேயில்லை.

மார்ச் 6, வியாழன்

ஆஸ்பத்திரி அனுப்பிய படிவத்தில் அளவுகள் கேட்டிருந்தார்கள். கதவைத் தாழிட்டு நானே அளந்து எழுதினேன். இதில் என்னை மிஞ்ச யார்?

இவரிடம் சொன்னேன். பஸ் ஓட்டிவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "எனக்காகன்னா வேணாம்மா" என்றார், ரொம்பப் பெருந்தன்மையாக.

"உங்களுக்காக நான் முடிகூட வெட்டிக்கிட்டதில்லையே."

நீட்டிய காலை மடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "ரொம்ப வலிக்குமா?"

அதைக் கேட்டாரே, அது போதும்.

மார்ச் 8, சனி

அக்காவுக்கு எப்படித்தான் தெரிந்ததோ. (இவர்தான், வேறு யார்.) செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"ரெண்டு பிள்ளைக்குப் பால் குடுத்த உடம்புடி. அதுக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சல்னு நான் சொல்லல. எனக்கு வேணும்னு சொல்றேன்."

"நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேருக்கும் நான்தானேக்கா தைக்கிறேன். யாருக்கு உள்ள எவ்வளவு பஞ்சுன்னு கேளு, சொல்றேன்."

சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டோமே என்று இன்னும் கோபம் வந்து, டீயைக் குடிக்காமலே போய்விட்டாள்.

மார்ச் 11, செவ்வாய்

டாக்டரம்மா என்னைவிட இளையவர். என் கொழுப்பையே எடுத்து வைக்க முடியுமா என்று கேட்டேன். இடுப்பைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "எடுக்க இங்க ஒண்ணும் இல்லையே" என்றார். ஆக, சிலிக்கான்தான். அதுவும் ஆயுளுக்கும் இல்லை. பல வருடம் கழித்து மாற்ற வேண்டி வரலாம், அவ்வப்போது வந்து காட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். மேசையில் மாதிரிகளை வரிசையாக வைத்ததும் நேராக முந்நூற்றைம்பது மில்லியை எடுத்தேன்.

அவர் என் படிவத்தைப் பார்த்தபடி அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"இதை யாரு அளந்தது?"

"நானேதான். இருபது வருஷமா அளக்கிறேன்."

"சுற்றளவெல்லாம் ரெண்டு அங்குலம் கூட இருக்கே."

காது சூடாகிவிட்டது. லூஸ்! துணிக்கு அளக்கும்போது, போட்டவள் மூச்சு விடவும் உட்காரவும் இரண்டு அங்குலம் சேர்த்தே எழுதுவேன். பாழாய்ப்போன கை இங்கேயும் சேர்த்துவிட்டது.

"உங்க மார்பு குறுகலானது, தோலும் மெல்லிசு. இருநூத்தி நாப்பது பொருந்தும். முந்நூத்தி அம்பது வெச்சா தோல் இழுபடும், ஓரம் வெளியே தெரியும். யோசிச்சுச் சொல்லுங்க."

மார்ச் 12, புதன்

இருநூத்தி நாப்பதாம்! இதுக்கா இருபத்தஞ்சு வருஷம் காத்திருந்தேன்? முழுக்க நனைஞ்சவளுக்கு முக்காடு எதுக்கு?

அரிசியை அளவுக் கோப்பையில் முந்நூற்றைம்பது மில்லியாக இரண்டு தடவை அளந்து, இரண்டு வட்டப் பைகளில் போட்டுத் தைத்தேன். நாளை முதல் கடைக்கு இதோடுதான் போகப் போகிறேன். யார் சொல்வது சரி என்று பார்க்கலாம்.

மார்ச் 13, வியாழன்

கடையில் துணி வெட்டும் பெண், "புது டிரஸ்ஸாக்கா?" என்றாள். ஆமாம் என்றேன்.

மார்ச் 17, திங்கள்

ஐந்தாம் நாள். மிஷினில் குனிந்தால் எனக்கு முன்னால் அரிசி போய் முட்டுகிறது. தோள்பட்டை விண்விண் என்று தெறிக்கிறது. இவர், "கழட்டித் தொலையேன், சோறாவது ஆக்கலாம்" என்கிறார்.

சாயங்காலம் பைகளைப் பிரித்து, இருநூற்று நாற்பது மில்லி மட்டும் வைத்து மூடினேன். கண்ணாடி முன் நின்றேன். அழுகை வந்துவிட்டது. கண்ணாடியில் நின்றது வேறு யாரோ இல்லை, நானேதான்.

பிறகு ஏன் முந்நூற்றைம்பதைக் கேட்டேன்? நாளைக்கு உடம்பு பெருத்தால் பிரித்துவிடத் தேவைப்படும் என்று உள்ளே துணி விட்டே தைத்த புத்தி. போதாமல் போய்விடுமோ என்ற பயம், அதே பதினாறு வயசுப் பயம். உடம்பில் அப்படி விட்டுவைக்க முடியாது.

மார்ச் 18, செவ்வாய்

"இருநூத்தி நாப்பது, டாக்டர்."

"நிச்சயமா?"

"அரிசி வெச்சுப் பார்த்துட்டேன்."

போனில்தான் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

ஏப்ரல் 2, புதன்

காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். பயமா இருக்கு. வேணாம்னு இல்ல — பயம், அவ்வளவுதான்.

ஏப்ரல் 5, சனி

நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போல் வலி. கையைத் தூக்க முடியவில்லை. இவர்தான் தலை வாரிவிடுகிறார், வகிடு கோணல்மாணலாக. அக்கா வந்தாள். வாசலில் நின்று முறைத்தாள். கடைசியில், "தலகாணிய கொஞ்சம் உசத்தி வைக்கட்டுமாடி?" என்று கேட்டாள்.

ஆறு வாரம் இஸ்திரிப்பெட்டியைத் தொடக்கூடாதாம். அதுவும் நல்லதுதான்.

மே 30, வெள்ளி

கடைக்குத் திரும்பி ஐந்து நாள். மத்தியானம் கூட்டம் குறைந்ததும், துணி வெட்டும் பெண்ணைக் கூப்பிட்டு என் டேப்பை அவள் கையில் கொடுத்தேன்.

"எனக்கு அளவு எடு."

"உங்களுக்கா? யாரையும் தொட விடமாட்டீங்களேக்கா!"

கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றேன். டேப் சில்லென்று சுற்றி வந்தது. அவள் அளவு நோட்டில் புதுப் பக்கம் புரட்டி, மேலே என் பெயரை எழுதினாள்.

"லூஸ் ரெண்டு அங்குலம் சேர்த்து எழுதட்டுமாக்கா?"

"அதைத் தைக்கும்போது பாத்துக்கலாம். இப்ப இருக்கறதை இருக்கறபடியே எழுது."

எழுதினாள். எட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது.